உறை அருளிய படலம்

கலிபோர்னியா என்றொரு நாடு. அதிலே கூப்பர்டினோ என்றொரு பதி. அப்பதியில் கறுப்பு டர்டில்நெக்கும் நீல ஜீன்ஸும் தரித்து, அவ்வப்போது மேடையில் எழுந்தருளி, முனை மழுங்கிய செவ்வகம் ஒன்றைப் பக்தகோடிகளுக்கு அருள்வது ஸ்டீவ் ஜாப்ஸ் சுவாமிகளின் வழக்கமாக இருந்தது. பக்தர்கள் முதல் நாள் இரவே கடை வாசலில் படுத்துக்கிடப்பார்கள். விடிந்ததும் உள்ளே போய்ப் பெட்டியோடு வெளியே வருகையில், கடை ஊழியர்கள் வரிசையாக நின்று கைதட்டுவார்கள். காசு கொடுத்தவனைப் பார்த்து, காசு வாங்கியவன் கைதட்டுகிற அதிசயம் அந்த நாட்டோடு போயிற்று என்று நிம்மதியாக இருந்தோம். 2023-ல் மும்பையிலும் டெல்லியிலும் அதே கடை திறந்தது. கைதட்டலும் கூடவே வந்து இறங்கியது.

நாம் பாடப்போவது ஐபோன் 4 என்னும் அவதாரத்தின் கதை.

அவதாரத்துக்கு முன்பே அபசகுனம். 2010 மார்ச்சில், ரெட்வுட் சிட்டி என்ற ஊரின் பீர் கடையொன்றில், சுவாமிகளின் கம்பெனி இன்ஜினியர் ஒருவர் சோதனைக்காகக் கொடுத்திருந்த போனை மறந்து வைத்துவிட்டுப் போனார். கண்டெடுத்தவரிடமிருந்து அதை 5,000 டாலருக்கு வாங்கிப் பிரித்துப் படம் போட்டது கிஸ்மோடோ என்ற தொழில்நுட்ப இணையதளம். உலகமே அந்தப் படத்தை உற்றுப் பார்த்தது. ஆனால் அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத ஒரு விஷயம் உண்டு. வெளியில் எடுத்துப் போகும்போது யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று, அந்தப் போனுக்குப் பழைய மாடல் மாதிரியே தோன்றும் உறை ஒன்றை மாட்டியிருந்தார்கள். உறை என்பதை மட்டும் நினைவில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 7. சான்ஃபிரான்சிஸ்கோவில் மண்டபம் நிறைந்த கூட்டம். சுவாமிகள் போனின் விளிம்பைச் சுற்றி ஓடும் எஃகுப் பட்டையைக் காட்டினார். திருட்டுப் படத்தில் அந்தப் பட்டையில் கோடு கோடாகத் தெரிகிறதே, அழகாக இல்லையே என்று சிலர் முணுமுணுத்திருந்தார்கள். அந்தப் பட்டையே ஆன்டெனா, இடையில் தெரியும் கோடுகள் ஆன்டெனாக்களைப் பிரிக்கும் இடைவெளி, இதுவரை எவனும் செய்யாத இன்ஜினியரிங் என்று சுவாமிகள் விளக்கவும் முணுமுணுத்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அடுத்து, புதுப் போனில் வலைப்பக்கம் ஒன்றைத் திறந்து காட்ட முயன்றார். திறக்கவில்லை. மறுபடி முயன்றார். ம்ஹூம். அறையில் 570 வைஃபை நிலையங்கள் ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்து, எல்லோரும் லேப்டாப்பை மூடித் தரையில் வையுங்கள், வைஃபையை அணையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். பக்தர்கள் அணைத்தார்கள். போன் வேலை செய்யாவிட்டால் எதிரில் உட்கார்ந்திருப்பவன்தான் காரணம் என்ற தத்துவம் அன்றைக்கே வெளிப்பட்டுவிட்டது. நாம்தான் கவனிக்கவில்லை.

ஜூன் 24 அன்று விற்பனை. முதல் மூன்று நாளில் 17 லட்சம் போன்கள். முதல் நாள் மாலைக்குள்ளேயே கண்டுபிடித்துவிட்டார்கள். போனின் இடது பக்கம், கீழ்ப்பகுதியில் ஒரு கறுப்புக் கோடு. இரண்டு ஆன்டெனாக்கள் ஒன்றையொன்று தொடாமல் காக்கும் லட்சுமணன் கோடு அது. ஒரு பக்கம் வைஃபை, புளூடூத், ஜிபிஎஸ். மறுபக்கம் பேச்சுக்கான ஆன்டெனா. அந்தக் கோட்டின்மேல் உள்ளங்கையை வைத்தால், மனிதத் தோலும் அதிலுள்ள வியர்வையும் சேர்ந்து இரண்டுக்கும் பாலம் போட்டுவிடும். சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக இறங்கும். சிக்னல் சுமாராக இருக்கும் இடத்தில் பேச்சே அறுந்துபோகும். ஆனந்த்டெக் என்ற தொழில்நுட்ப இதழ் அளந்து பார்த்தது. இயல்பாகப் பிடித்தாலே ஏறக்குறைய 20 டெசிபல் இறக்கம். கணக்குப் போட்டால், வந்த சிக்னலில் நூறில் ஒரு பங்குதான் மிச்சம்.

போன் பேசுகிறவர்கள் நிறையப் பேர் அதை இடது கையில்தான் பிடிப்பார்கள். வலது கை எழுதவும், காபி டம்ளரைத் தூக்கவும், எதிரில் வருபவனை நகரச் சொல்லிச் சைகை காட்டவும் வேண்டும். இடது கையில் போனை வைத்தால் உள்ளங்கையின் சதை போய் உட்காரும் இடம் எது தெரியுமா? அதே இடம்தான். உலகத்தில் கோடு போட எத்தனையோ இடம் இருக்க, தேடிப் பிடித்து அங்கே போட்டிருக்கிறார்கள்.

ஒரு வாடிக்கையாளர் சுவாமிகளுக்கே மின்னஞ்சல் எழுதிக் கேட்டார். பதில் வந்தது. இது ஒரு பிரச்சினையே இல்லை, அந்த மாதிரிப் பிடிப்பதைத் தவிர்த்துக்கொள்ளவும் என்பது சாரம். நீ பிடிக்கிற விதம் தப்பு என்று அவர் வார்த்தைக்கு வார்த்தை எழுதவில்லை. உலகம் அதை அப்படிச் சுருக்கி மனப்பாடம் செய்துகொண்டது, இன்றுவரை அப்படித்தான் சொல்கிறது. சுருக்கியதில் அர்த்தம் ஒன்றும் கெட்டுவிடவில்லை என்பதால் நாமும் வழக்குத் தொடர வேண்டியதில்லை.

கம்பெனி கொஞ்சம் மரியாதையாக, நீட்டி அதையே சொன்னது. எந்தப் போனை இறுக்கிப் பிடித்தாலும் சிக்னல் குறையும். இடது கீழ் மூலையைக் கோட்டின் இருபக்கமும் மூடுகிற மாதிரிப் பிடிக்காதீர்கள். இல்லாவிட்டால் கடையில் கிடைக்கும் உறைகளில் ஒன்றை வாங்கி மாட்டுங்கள். அந்த உறைகளில் ஒன்றுக்குப் பெயர் பம்பர். ரப்பரில் ஒரு வளையம். விலை 29 டாலர். விற்றவர்? அதே கம்பெனி. நோயையும் மருந்தையும் ஒரே கல்லாவில் பில் போட்டார்கள்.

இங்கே பக்தர்களைப் பற்றி நாலு வரி சொல்லியாக வேண்டும். குற்றம் செய்த கம்பெனி வாதாட வக்கீல் வைக்க வேண்டியதே இல்லாத தொழில் இந்தப் போன் தொழில் ஒன்றுதான். கையில் அதே போனை வைத்திருப்பவன் கூலி வாங்காமல் ஆஜராகிவிடுவான். எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்பான். உறை போடாமல் இவ்வளவு விலையுள்ள போனை எவனாவது வைத்திருப்பானா என்பான். போனில் யார் இப்போது பேசுகிறார்கள் என்றுகூடக் கேட்பான். எதிர்த்தரப்பில் இன்னொரு கம்பெனியின் பக்தர், அந்தப் போனைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர், அந்த ஆன்டெனாவால் தன் குடும்பமே நாசமாகிவிட்டதைப் போலக் கொதிப்பார். காசு கொடுத்து ஏமாந்தவன் இரண்டு பேருக்கும் நடுவில், சிக்னல் இல்லாமல் நிற்பான். பதினைந்து வருடமாக இந்த வழக்குமன்றம் ஒத்திவைப்பே இல்லாமல் நடக்கிறது. நடுவர் மட்டும் இன்னும் வரவில்லை.

ஜூலை 2 அன்று கம்பெனி ஒரு கடிதம் வெளியிட்டது. நகைச்சுவை இலக்கியத்தில் அதற்கு ஒரு நிரந்தர இடம் கொடுக்கலாம். நாங்கள் ஆராய்ந்து பார்த்தோம், அதிர்ந்துபோனோம் என்று ஆரம்பம். எதைக் கண்டு அதிர்ந்தார்கள்? திரையில் எத்தனை கோடு காட்ட வேண்டும் என்று கணக்கிடும் சூத்திரமே முற்றிலும் தப்பாம். பல இடங்களில் காட்ட வேண்டியதைவிட இரண்டு கோடு கூடுதலாகக் காட்டிவந்ததாம். இரண்டு கோடு வர வேண்டிய இடத்தில் நான்கு. ஆகவே அன்பர்களே, உங்கள் கை பட்டதால் சிக்னல் போகவில்லை. அந்த இடத்தில் சிக்னலே முதலிலிருந்து கிடையாது. இருப்பதாக நாங்கள்தான் பொய் சொல்லிக்கொண்டிருந்தோம். இந்தத் தப்பு முதல் ஐபோனிலிருந்தே இருக்கிறது என்றும் அதே கடிதத்தில் ஒப்புக்கொண்டார்கள். ஒரு குற்றத்திலிருந்து தப்பிக்க மூன்று வருடப் பழைய குற்றமொன்றைத் தானே முன்வந்து வாக்குமூலம் கொடுத்த எதிரியைக் கீழ்க்கோர்ட்டில்கூடப் பார்க்க முடியாது.

பரிகாரம் என்ன? புதுச் சூத்திரம். கூடவே இன்னொரு சலுகை: முதல் மூன்று கோடுகளை இன்னும் கொஞ்சம் உயரமாக வரைவார்களாம், கண்ணுக்கு நன்றாகத் தெரிவதற்காக. ஆன்டெனாவில் உள்ள கோளாறுக்குச் செய்த சிகிச்சை அதுதான். கோட்டை உயரமாக வரைந்தார்கள்.

இந்த நேரத்தில்தான் நக்கீரர் வந்தார். சங்கத்திலிருந்து அல்ல, நியூயார்க் அருகே யாங்கர்ஸ் என்ற ஊரிலிருந்து. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்று பெயர். 1936-லிருந்து இயங்கும் நுகர்வோர் அமைப்பின் பத்திரிகை. விளம்பரம் வாங்காது. கம்பெனி இலவசமாக நீட்டும் பொருளைச் சோதிக்காது. கடையில் போய்க் காசு கொடுத்து வாங்கித்தான் சோதிக்கும். மூன்று தனித்தனிக் கடைகளில் மூன்று ஐபோன் 4 வாங்கி, வெளி அலை எதுவும் நுழையாத அறைக்குள் வைத்துச் சோதித்தார்கள். பக்கத்தில் பழைய ஐபோனையும் வேறு போன்களையும் வைத்துப் பார்த்தார்கள். மற்றவற்றுக்கு இந்த வியாதி இல்லை. கோட்டில் விரல் பட்டால் இதற்கு மட்டும்தான் சிக்னல் இறங்கியது. ஜூலை 12 அன்று தீர்ப்பு: குற்றம் குற்றம்தான், இந்தப் போனை வாங்கச் சொல்லிச் சிபாரிசு செய்ய மாட்டோம். வேண்டுமானால் அந்த இடத்தில் ஒரு துண்டு டக்ட் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், சரியாகிவிடும்.

உலகத்திலேயே அழகான போன் என்று வடித்துவைத்த எஃகுப் பட்டையின்மேல், ஒழுகும் பைப்புக்குச் சுற்றும் டேப். சிவபெருமானின் நெற்றிக்கண் திறந்திருந்தால்கூட கூப்பர்டினோவுக்கு அவ்வளவு சுட்டிருக்காது.

வேடிக்கை என்னவென்றால், அதே பத்திரிகையின் மதிப்பெண் பட்டியலில் ஸ்மார்ட்போன்களில் முதலிடம் அப்போது அதே ஐபோன் 4-க்குத்தான். முதல் மதிப்பெண், ஆனால் பாஸ் இல்லை. ஆனந்த்டெக்காரர்களும் அப்படித்தான். பம்பரை மாட்டிக்கொண்டால் இதுவரை வந்த ஐபோன்களிலேயே சுமாரான சிக்னலை நன்றாகப் பிடிப்பது இதுதான் என்று எழுதினார்கள். பம்பரை மாட்டிக்கொண்டால்! இதிலும் உண்மை இருக்கிறது, அதிலும் உண்மை இருக்கிறது. அதனால்தான் சண்டை ஓயவில்லை.

செனட்டர் சக் ஷூமர் பகிரங்கக் கடிதம் எழுதினார். லெட்டர்மேன் தன் டிவி நிகழ்ச்சியில் பத்து நக்கல் பட்டியலிட்டார். வழக்குகள் குவிந்தன. ஹவாயில் குடும்பத்தோடு விடுமுறையில் இருந்த சுவாமிகள் திரும்பி வந்தார். ஜூலை 16, வெள்ளிக்கிழமை, கூப்பர்டினோ தலைமையகத்தில் பத்திரிகையாளர் சந்திப்பு. இதுதான் உறை அருளிய படலம்.

ஆரம்பமே அமர்க்களம். ஜானதன் மான் என்ற பாடகர், இந்த ஆன்டெனா கூச்சலையெல்லாம் கேலி செய்து, பிடிக்கவில்லையென்றால் வாங்காதே, வாங்கியிருந்தால் திருப்பிக் கொடு என்கிற ரீதியில் பாடிப் போட்ட யூடியூப் வீடியோ ஒன்றைத் திரையில் ஓடவிட்டார்கள். மன்னிப்புக் கேட்க வந்தவர்கள் மங்கல இசையோடு தொடங்கியது அநேகமாக அன்றுதான். பிறகு சுவாமிகள் பேசினார். நாங்கள் முழுமையானவர்கள் அல்ல, போன்களும் முழுமையானவை அல்ல என்றார். முதல் பாதி அடக்கம். இரண்டாம் பாதியில் உலகத்துப் போன்கள் அனைத்தையும் துணைக்கு இழுத்துக்கொண்டார். திரையில் பிளாக்பெர்ரி ஒன்று, எச்டிசி ஒன்று, சாம்சங் ஒன்று. ஒவ்வொன்றையும் ஒரு கை நெருக்கிப் பிடிக்க, கோடுகள் விழுந்தன. பரீட்சையில் கோட்டைவிட்ட பையன், அப்பா பெல்ட்டை எடுப்பதற்குள் எதிர்வீட்டுப் பையன்களின் மார்க்கை ஒப்பிப்பானே, அதே தோரணை.

அடுத்துக் கணக்கு. ஆன்டெனா சோதனைக்கென்றே 10 கோடி டாலர் செலவில் 17 ரேடியோ அலை எதிரொலிக்காத அறைகள்; 18 முனைவர்கள். இந்தப் பிரச்சினைக்காகக் கம்பெனிக்கு போன் செய்தவர்கள் 0.55 சதவீதம். திருப்பிக் கொடுத்தவர்கள் 1.7 சதவீதம்; முந்தைய மாடலுக்கு 6 சதவீதம். பேச்சு அறுந்துபோவது நூறு அழைப்புக்கு முந்தைய மாடலைவிட ஒன்றுக்கும் குறைவாகத்தான் கூடியிருக்கிறது. அதாவது கூடியிருக்கிறது. 17 அறையும் 18 முனைவரும் வைத்துக்கொண்டு கண்டுபிடிக்க முடியாததை, வாங்கியவன் ஒரே சாயங்காலத்தில் ஒரே உள்ளங்கையால் கண்டுபிடித்தான் என்பதைச் சுவாமிகள் சொல்லவில்லை. கண்டுபிடித்துத்தான் விற்றார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு. ஆன்டெனா இன்ஜினியர் ஒருவர் முன்பே எச்சரித்தார் என்று புளூம்பெர்க் செய்தி நிறுவனம் எழுதியிருந்தது. அது சுத்தப் புளுகு என்று சுவாமிகள் அன்றே அடித்துச் சொன்னார். இன்னொரு கட்சி, சோதனைக்கு வெளியே போன போன்களெல்லாம் மாறுவேட உறையோடு போனதால் யாருக்கும் கோளாறு தெரியவில்லை என்றது. பீர் கடை உறையை நினைவு வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அது இதற்குத்தான். எது உண்மையோ, உறையில்லாமல் அந்தப் போனை முழு நேரமும் பயன்படுத்திப் பார்த்த முதல் சோதனைக்கூடம் பொதுமக்கள்தான் என்று எனக்குப் படுகிறது.

கடைசியில் அருள்பாலித்தார். எல்லோருக்கும் இலவச உறை. செப்டம்பர் 30 வரை. கம்பெனியால் அவ்வளவு பம்பர் செய்ய முடியாது என்பதால், வெளிக் கம்பெனிகளின் உறைகளிலும் ஒன்றைப் பொறுக்கிக்கொள்ளலாம். ஏற்கெனவே 29 டாலர் கொடுத்தவர்களுக்குப் பணம் வாபஸ். அப்படியும் பிடிக்காதவர்கள் 30 நாளுக்குள் போனையே திருப்பிக் கொடுக்கலாம். நியாயமாகப் பார்த்தால் மோசமான ஏற்பாடு இல்லை. மூன்று வாரத்துக்கு முன்பே, உங்கள் கையைப் பற்றிப் பேசாமல், இதை மட்டும் சொல்லியிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

கேள்வி நேரத்தில், வெற்றி பெற்றவர்களை இழுத்துத் தள்ளுவதே மனித சுபாவம் என்று நொந்துகொண்டவர், நாங்கள் அமெரிக்கக் கம்பெனியாக இல்லாமல் கொரியக் கம்பெனியாக இருந்திருந்தால் உங்களுக்குச் சந்தோஷமா என்றும் ஒரு போடு போட்டார். கொரியாவில் அதைக் குறித்துவைத்துக்கொண்டார்களோ என்னவோ. அதற்குப் பிறகு வருவோம்.

எதிராளிகளுக்குக் கொண்டாட்டம். மோட்டரோலா, எங்கள் போனை எப்படி வேண்டுமானாலும் பிடிக்கலாம், சட்டை மாட்ட வேண்டாம் என்று பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. தங்களையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதற்கு பிளாக்பெர்ரி செய்யும் கம்பெனியின் இரண்டு தலைவர்களும் சேர்ந்து கண்டன அறிக்கை விட்டார்கள். நோக்கியா, நாங்கள் அழகுக்காக ஆன்டெனாவை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்றது. சாம்சங் பிரிட்டனில், ஐபோன் 4 வாங்கி நொந்தவர்கள் சிலருக்குத் தன் போனை இலவசமாகவே அனுப்பி வைத்தது. இவர்களில் நோக்கியா தன் போன் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்றுவிட்டு ஒதுங்கியது. பிளாக்பெர்ரி 2016-ல் போன் செய்வதையே விட்டது. மோட்டரோலா போன் கூகுள் கைக்குப் போய், அங்கிருந்து சீனத்து லெனோவாவிடம் போனது. ஆன்டெனா நன்றாக இருந்தவர்களுக்கெல்லாம் லைன் கட் ஆகிவிட்டது. கோளாறு உள்ளவர் கோடிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

அந்த ஆகஸ்டிலேயே வன்பொருள் பிரிவைக் கவனித்த மார்க் பேப்பர்மாஸ்டர் விலகினார். ஏன் என்று கம்பெனி சொல்லவில்லை. 2011-ல் வந்த ஐபோன் 4எஸ், இரண்டு ஆன்டெனாக்களுக்கு இடையே தானாக மாறிக்கொள்ளும் புதுமையோடு வந்தது. இல்லவே இல்லாத பிரச்சினை ஒன்றுக்கு இவ்வளவு அக்கறையான தீர்வு.

இந்தியாவுக்கு ஐபோன் 4 வந்துசேர்ந்தது 2011 மே மாதம். 16 ஜிபி 34,500 ரூபாய். கொண்டுவந்தவர்கள் ஏர்டெல்லும், தமிழ்நாட்டில் பிறந்த ஏர்செல்லும். போனில் கை வைத்தால் சிக்னல் போகும் என்ற பயத்தோடு வாங்கிய ஏர்செல் அன்பர்களுக்கு, 2018-ல் எந்தப் போனை எந்தக் கையில் எப்படிப் பிடித்தாலும் சிக்னல் கிடைக்காத சமத்துவம் கிடைத்தது. அந்தப் பிப்ரவரியில் ஏர்செல் கடை வாசல்களில் நம்பர் மாற்ற நின்ற கூட்டத்தை நினைத்தால், கூப்பர்டினோ விவகாரமெல்லாம் பணக்கார வீட்டுத் தலைவலியாகத் தோன்றுகிறது.

அமெரிக்க வழக்குகள் 2012 பிப்ரவரியில் சமரசத்தில் முடிந்தன. பாதிக்கப்பட்டவருக்கு 15 டாலர். இல்லையென்றால் ஓர் உறை.

2014-ல் பெரிய உடம்போடு ஐபோன் 6 பிளஸ் வந்தது. பேன்ட் பையில் வைத்து உட்கார்ந்தால் வளைகிறது என்று புகார். ஒருவர் கேமரா முன்னால் வெறும் கையால் வளைத்தே காட்டினார். முதல் வாரக் கடைசியிலேயே ஐபோன் 6 வகைகள் ஒரு கோடி விற்றிருக்க, புகார் செய்தவர்கள் ஒன்பதே பேர் என்றது கம்பெனி. பின்னால் நீதிமன்ற ஆவணங்களில் வெளிவந்தது என்னவென்றால், ஐபோன் 5எஸ்ஸைவிட இது 7.2 மடங்கு சுலபமாக வளையும் என்று கம்பெனியின் சொந்தச் சோதனையிலேயே தெரிந்திருந்தது. எல்ஜியின் பிரான்ஸ் கிளை, எங்கள் போன்கள் வளையாது, இயல்பாகவே வளைவானவை என்று ட்விட்டரில் நக்கலடித்தது. அனுப்பிய கருவி எது என்று கீழே காட்டியது ட்விட்டர்: ஐபோன். 2021-ல் எல்ஜி போன் தொழிலுக்கே முழுக்குப் போட்டது.

அதே ஐபோன் 6 வரிசை கிழடான பிறகு இன்னொரு கதை. பேட்டரி தளர்ந்த போன்களைக் கம்பெனியே மென்பொருள் வழியாக மெதுவாக்கிக்கொண்டிருந்தது 2017 டிசம்பரில் அம்பலமாயிற்று. திடீரென்று அணைந்துபோகாமல் காப்பதற்காகத்தான் என்றார்கள். காரணம் உண்மைதான். சொல்லாமல் செய்ததுதான் வினை. போன் இழுக்கிறதே என்று எத்தனை பேர் புதுப் போன் வாங்கினார்களோ. இந்த முறை சீக்கிரமே மன்னிப்புக் கேட்டு, 79 டாலர் பேட்டரியை 29 டாலருக்கு மாற்றித் தந்தார்கள். இங்கும் 29. அந்த எண்ணில் என்ன ராசியோ!

இப்போது கொரியாவுக்கு வருவோம்.

2016 ஆகஸ்டில் சாம்சங் நோட் 7-ஐ இறக்கியது. நோட் 5-க்குப் பிறகு நோட் 7. தங்கள் எஸ்7 போனின் எண்ணோடு ஒத்துப்போகட்டும் என்று, 6 என்ற எண்ணைத் தாண்டிக் குதித்தார்கள். கண்ணின் கருவிழியைப் பார்த்துத் திறக்கும், தண்ணீரில் மூழ்கினாலும் தாங்கும் என்றார்கள். சொன்னது உண்மை. நெருப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

விற்பனைக்கு வந்த சில நாளிலேயே போன்கள் சார்ஜ் ஏறும்போது எரியத் தொடங்கின. இங்கே சாம்சங்குக்கு ஒரு சபாஷ் போட வேண்டும். செப்டம்பர் 2 அன்று, தெரியவந்தவை 35 சம்பவங்கள்தான், பத்து லட்சத்துக்கு 24 என்ற விகிதம்தான் என்ற நிலையிலேயே, விற்பனையை நிறுத்தி 25 லட்சம் போன்களையும் மாற்றித் தருவதாக அறிவித்தது. பிடிக்கிற விதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கூப்பர்டினோவைவிட இவர்கள் எவ்வளவு மேல் என்று எல்லோரும் எழுதினார்கள்.

அவசரம்தான் கெடுத்தது. பேட்டரி செய்த இரண்டு கம்பெனிகளில் ஒன்றின்மேல் பழியைப் போட்டு, இன்னொன்றின் பேட்டரியோடு புதுப் போன்களை அனுப்பினார்கள். சார்ஜ் குறி பச்சையாக இருந்தால் பயமில்லை என்று அடையாளமும் கொடுத்தார்கள். சீனாவில் எரிந்ததாகப் புகார் வந்தபோது, வெளியிலிருந்து பட்ட சூடுதான் காரணம் என்றார்கள். பார்த்தீர்களா, உங்கள் கைக்கு அடுத்தது உங்கள் வீட்டுச் சூடு. அக்டோபர் 5 அன்று அமெரிக்காவின் லூயிவில் விமானநிலையத்தில், புறப்படத் தயாராக நின்ற சவுத்வெஸ்ட் விமானத்துக்குள் ஒரு போன் புகைந்தது. மாற்றிக் கொடுத்த, பச்சைக் குறி போட்ட போன். பயணிகளை இறக்கினார்கள். இன்னொரு வாடிக்கையாளருக்குக் கம்பெனிக்காரர் ஒருவர் தவறுதலாக ஒரு குறுஞ்செய்தியை அனுப்பிவிட்டார். சக ஊழியருக்குப் போக வேண்டியது. இந்த ஆளை இழுத்தடித்துப் பார்க்கவா, அல்லது மிரட்டுகிறபடி செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிடவா என்று கேட்டிருந்தார். எரிந்த போனின் சொந்தக்காரரிடமே ஆலோசனை கேட்ட வாடிக்கையாளர் சேவை வேறெங்கும் கிடையாது.

அக்டோபர் 11 அன்று உற்பத்தியே நின்றது. போனைத் திருப்பி அனுப்ப, தீப்பிடிக்காத பெட்டியும் ஒரு ஜோடிக் கையுறையும் தபாலில் வந்தன. கூப்பர்டினோ போனுக்கு உறை கொடுத்தது. சியோல் கைக்கு உறை கொடுத்தது. உலகமெங்கும் விமானம் கிளம்புமுன் பணிப்பெண்கள் ஒரு கம்பெனியின் போனைப் பெயர் சொல்லி அணைக்கச் சொன்னார்கள். அப்படி ஒரு விளம்பரத்தை எந்த மார்க்கெட்டிங் மேதையாலும் வாங்க முடியாது. நோட் 7 இந்தியாவில் 59,900 ரூபாய் என்று விலை சொல்லி முன்பதிவு வாங்கியதோடு சரி, கடைக்கு வரவே இல்லை. ஆனாலும் நமக்கும் பங்கு கிடைத்தது. செப்டம்பர் 23 அன்று சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த இண்டிகோ விமானத்தில், தலைக்கு மேல் பெட்டி வைக்கும் இடத்திலிருந்து புகை. நோட் 7 அல்ல, நான்கு வருடப் பழைய நோட் 2. பணியாளர்கள் தீயணைப்பான் அடித்து, போனைத் தண்ணீர் நிரம்பிய பாத்திரத்தில் போட்டுக் கழிவறையில் வைத்துச் சென்னைக்குப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

2017 ஜனவரி 23 அன்று சாம்சங் காரணத்தைச் சொன்னது. 700 பேர், 2 லட்சம் போன்கள், 30,000 பேட்டரிகள் வைத்துச் சோதனை. முதல் கம்பெனியின் பேட்டரியில் மேல் மூலையில் எதிர்மின்வாய் நசுங்கியிருந்தது. இரண்டாவது கம்பெனியில் வெல்டிங் பிசிறுகள் உள்ளே துளைத்துவிட்டன. சிலவற்றில் காப்பு டேப்பே இல்லை. இரண்டு பேட்டரி, இரண்டு வேறு தப்பு, ஒரே தீ. மறைக்காமல் சொன்னார்கள் என்பதால் அந்த ஒரு நாளுக்கு மட்டும் இவர்களை ஜூலை 2 கடிதக்காரர்களுக்கு மேலே வைப்பேன்.

ஆனால் பக்தர்கள்! எரியும் என்று தெரிந்தும் சிலர் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. சார்ஜ் 60 சதவீதத்துக்கு மேல் ஏறாதபடி மென்பொருள் அனுப்பினார்கள். கொடுக்கவில்லை. அமெரிக்காவில் சார்ஜே ஏறாதபடி செய்தார்கள். அப்படியும் சிலரிடம் இருந்தது. இவர்களை எந்தக் கம்பெனி கைவிடும்? 2017 ஜூலையில் கொரியாவில் அதே நோட் 7, சின்னதாக்கிய 3,200 எம்ஏஎச் பேட்டரியோடு, 4 லட்சம் போன்களாக மறுபடி கடைக்கு வந்தது. பெயர் ஃபேன் எடிஷன், ரசிகர் பதிப்பு. விற்றும் தீர்ந்தது. அந்தப் பெயரின் சுருக்கமான எஃப்இ என்ற இரண்டெழுத்தை எஸ்20 எஃப்இ, எஸ்21 எஃப்இ என்று சாம்சங் அதன் பிறகும் போன் பெட்டியில் அச்சிட்டு விற்றது. சென்னை ரிச்சி தெருவிலும் கிடைத்தது.